முடித்தவன் தொடங்க வேண்டிய முறை

ஆய்வை முடிக்கும்வரை அவனுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. மரக்கதவுகள் மழைக்காலத்தில் ஏன் இறுகிக்கொள்கின்றன என்று கேட்டான். ஏன் என்று கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததை எழுதினான். நெறியாளர் வாசித்துவிட்டு, "சரியா இருக்கு, பைண்டு பண்ணிடு" என்றார். பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை இப்படிக் கேள்வியில் தொடங்கிப் பதிலில் முடிவது அபூர்வம். அபூர்வமான எதற்கும் விதிமுறை கிடையாது, விதிமுறை இல்லாததை வாங்கிக்கொள்ள ஆளும் கிடையாது என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

அவசரம் மட்டும் இருந்தது. வெளியூர்க் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுத்துவிட்டு வந்திருந்தான். கதவு ஏன் இறுகுகிறது என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் எழுந்துபோய்த் தங்கள் வகுப்பறைக் கதவை ஆட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் தூங்கியவன்கூட ஜன்னலைச் சோதித்தான். அன்றிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்லூரி முதல்வர் கையைக் குலுக்கி, "ஆய்வேடு சமர்ப்பிச்ச சான்று ஒண்ணு மட்டும் கொண்டாந்துடுங்க. வகுப்பு தொடங்கற வரைக்கும் உங்க இடத்தைப் பிடிச்சு வெக்கறேன்" என்றார். வகுப்பு தொடங்க மாதம் ஒன்றுகூட இல்லை.

வீட்டில் அவன் எந்தக் கதவைத் திறந்தாலும் அதற்கொரு விளக்கம் சொன்னான். "குளிக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு முன்னுரையா? தண்ணி ஆறிடப் போகுது" என்றாள் மனைவி. அவள் மொத்தத் துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். எழுதி ஒட்டிய விலையை அப்படியே கொடுப்பது கடைக்காரரை அவமதிப்பது என்று நம்புகிறவள்.

பைண்டு செய்த பிரதியோடு அவன் ஆய்வுப் பிரிவுக்குப் போனான். அங்கிருந்த கண்காணிப்பாளர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். அந்தப் பிரிவில் ஆய்வேட்டைத் திறந்து பார்க்கும் வழக்கம் இல்லை. அது தேர்வாளர்களின் உரிமையில் தலையிடுவதாகிவிடும்.

"கனம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. வெற்றிச் சான்று எங்கே?"

"எந்த வெற்றி சார்?"

"ஆய்வு வெற்றி மையம்னு ஒண்ணு இருக்கே, தெரியாதா? எதிர்க் கட்டடம், கண்ணாடி போட்டது. நீங்க வெற்றி அடைஞ்சாச்சுன்னு அவங்க சான்று குடுத்தாத்தான் நாங்க இதை வாங்க முடியும். புது விதி."

"ஆய்வு முடிஞ்சிருச்சு சார். இதோ, உங்க கையிலதான் இருக்கு."

"இது ஆய்வுங்க. நான் கேக்கறது வெற்றி" என்று கண்காணிப்பாளர் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆய்வு வெற்றி மையத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆய்வு மாணவர்கள் ஆய்வை முடிப்பதில்லை என்று ஒரு காலத்தில் புகார் வந்தது. முடிக்கத் தேவையான கருவிகளையும் ஆலோசனைகளையும் வழங்க ஓர் அறை ஒதுக்கினார்கள். மாணவர்கள் அங்கே போய்க் கருவிகளைப் பழகியதில் எழுத நேரமில்லாமல், முடிப்பவர்கள் இன்னும் குறைந்தார்கள். சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பது அப்போதுதான் விளங்கியது. அறை தளமாயிற்று. முடிப்பவர்கள் மேலும் குறைந்தார்கள். தளம் கட்டடமாயிற்று. சரக்கு போகவில்லையென்றால் கடையைச் சாத்துவது வியாபாரம். சரக்கு போகவில்லை என்று காட்டியே கடையை விரிப்பது நிர்வாகம்.

மையத்துக்குள் நாற்காலிகள் இல்லை. உட்கார்ந்தால் மரியாதையாக எழுந்திருக்க முடியாத பஞ்சடைத்த மூட்டைகள் கிடந்தன. சுவரெங்கும் வண்ணச் சீட்டுகளில் பொன்மொழிகள். நடுவில் மேசைமேல் தக்காளி வடிவத்தில் ஒரு கடிகாரம். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அது மணியடிக்கும். அடித்ததும் யாராக இருந்தாலும் செய்யும் வேலையை விட்டு ஓய்வெடுக்க வேண்டும். வேலைத்திறனைப் பெருக்கும் முறை அது.

"வாங்க சார். உங்க தடை என்ன?" என்றார் ஆலோசகர். கனிவான முகம் கொண்ட இளம்பெண்.

"தடை ஒண்ணும் இல்லைங்க. முடிச்சிட்டேன். ஒரு சான்று வேணும்."

அவர் கணினியில் எதையோ தட்டினார். திரையில் 'தடையை இன்னும் உணரவில்லை' என்று விழுந்ததை அவன் எட்டிப் பார்த்தான்.

"எங்ககிட்ட ஏணின்னு ஒரு கருவி இருக்கு சார். எல்லாரும் கீழ்ப்படியில தொடங்கி ஏறணும். முதல் படி, தலைப்பைத் தேடுதல். அப்புறம் தலைப்போட பழகுதல். அதுக்கப்புறம் தலைப்பு மேல சந்தேகம் கொள்ளுதல்..."

"நான் உச்சியில நிக்கறேங்க. கையில பாருங்க, முழுசா இருக்கு."

"பாக்கறேன் சார். ஆனா ஏறாம உச்சியில நிக்க ஏணியில வசதி இல்லையே. நீங்க முடிச்சதைப் பதிவு பண்ணணும்னா, மொதல்ல நீங்க தொடங்கலைன்னு பதிவு பண்ணணும். அதுக்கு..."

தக்காளி மணியடித்தது. ஆலோசகர் வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். கட்டடம் முழுக்க மௌனம். தொலைபேசி ஒன்று அடித்து ஓய்ந்தது. அவன் ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு மூட்டைக்குள் மெதுவாகப் புதைந்தான். மறுபடி மணியடித்ததும் ஆலோசகர் கண்ணைத் திறந்து, "...ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று விட்ட இடத்திலிருந்து முடித்தார்.

கையெழுத்துப் போட்டான். திரையில் ஏணியின் அடியில் ஒரு குட்டி மனித உருவம் தோன்றி, அண்ணாந்து பார்த்தபடி நின்றது.

நெறியாளரிடம் ஓடினான். அவர் கதவை ஒருக்களித்துத் திறந்து, குரலைத் தாழ்த்தி, "நீ முடிச்சது எனக்குத் தெரியும்பா. ஆனா எனக்குத் தெரிஞ்சதை வெச்சு இங்க எதுவும் நடக்காது. நானே நாளைக்கு 'நெறிப்படுத்துவது எப்படி'ங்கற பயிற்சிக்குப் போகணும். போன தடவை தூங்கிட்டேன், திரும்பக் கூப்பிட்டிருக்காங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

விஷயத்தைக் கேட்டதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"போன உடனே 'முடிச்சிட்டேன், அவசரம்'னு சொன்னீங்களா? பொண்ணு கல்யாணம் நாளைக்குன்னு சொல்லிட்டுப் பட்டுக்கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி! எவன் இறங்கி வருவான்?"

"அப்ப என்ன சொல்லியிருக்கணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம், சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்னு சொல்லணும். நாளைக்குப் போய், படியே ஏற மாட்டேன்னு நில்லுங்க. பாதிப் படியோடயாவது விட்டுடுவாங்க."

மறுநாள் அவன் அப்படியே நின்றான். ஆலோசகர் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'படியேற மறுப்பு' என்பதற்கான சிறப்புப் பயிற்சி ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார். பேரம் பேசினால் விலை ஏறும் கடையை அவன் மனைவியின் குடும்பம் மூன்று தலைமுறையில் கண்டதில்லை.

பயிற்சியில் பக்கத்து மூட்டையில் இருந்தவருக்குத் தொடர்கதை என்று பட்டப்பெயர். பெயர் வைத்தவர்கள் எல்லாம் படித்து முடித்து, சிலர் ஓய்வும் பெற்றுவிட்டார்கள். மையம் நடத்திய பயிற்சிகளில் அவர் கலந்துகொள்ளாதது எதுவும் இல்லை. உலகத்தில் வெளிவரும் கட்டுரைகளையெல்லாம் இறக்கி, வண்ணம் பிரித்து அடுக்கும் மென்பொருள் ஒன்று அவரிடம் இருந்தது.

"எல்லாம் படிச்சிட்டீங்களாண்ணே?"

"படிக்கறது அடுத்த கட்டம் தம்பி. மொதல்ல அடுக்கணும். அடுக்காம படிச்சா மனசுல தங்காது."

"உங்க தலைப்பு என்ன?"

தொடர்கதை அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "கருவியே இன்னும் முழுசாக் கைக்கு வரலை, அதுக்குள்ள தலைப்புக்கு என்ன அவசரம்? உன்னை மாதிரி ஆளுங்கதான் தம்பி முடிச்சிட்டு நடுத்தெருவுல நிக்கறது."

சிறப்புப் பயிற்சி முடிந்து முறைப்படி படியேற்றம் தொடங்கியது. தலைப்பைத் தேடும் படியில் அவன் தன் தலைப்பைச் சொன்னதும், தேடாமலே சொல்லிவிட்டதாக ஒரு மதிப்பெண் குறைத்தார்கள். சந்தேகப் படியில்தான் உண்மையாகவே திணறினான்.

"ஆய்வை விட்டுட்டு ஓடிடலாம்னு எப்ப நெனைச்சீங்க?" என்றார் ஆலோசகர், குரலைத் தணித்துக்கொண்டு.

"நெனைக்கவே இல்லைங்களே."

"அழுதிருக்கீங்களா?"

"கதவு விரல்ல மாட்டினப்ப ஒருதரம்."

"அது ஆய்வு சம்பந்தமாத்தானே?" என்று அவர் முகம் மலர்ந்து, அதைப் பதிந்துகொண்டார். குட்டி மனிதன் ஒரு படி ஏறினான்.

அடுத்த படியின் பெயர் 'மோசமான முதல் வரைவு'. முதல் வரைவு மோசமாகத்தான் இருக்கும், அதற்கு அஞ்சாமல் எழுதிவிட வேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ ஒரு நல்ல மனிதர் மாணவர்களுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார். மையம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. அவன் தன் ஆய்வேட்டையே ஏணியில் ஏற்றினான். 'தவறுகள் போதவில்லை' என்று ஏணி திருப்பிவிட்டது.

"இதுல திருத்த என்ன சார் இருக்கு?" என்றார் ஆலோசகர். பக்கங்களைப் புரட்டிப் பார்த்த அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "முன்னேற்றம்னா என்ன? மோசத்துக்கும் நல்லதுக்கும் நடுவுல இருக்கற தூரம். நீங்க அந்தத் தூரத்துக்கு இடமே விடலையே. நாங்க எங்க நின்னு உதவறது?"

"அப்ப நான் என்ன பண்ண?"

"கொஞ்சம் கெடுத்துட்டு வாங்க."

வீட்டில் உட்கார்ந்து கெடுத்தான். நல்லதை எழுதியதைவிட அது கஷ்டமாக இருந்தது. முடிவுரையை நீக்கினான். சோதனை விவரங்களை இடம் மாற்றினான். ஆனாலும் மனசாட்சி உள்ளவன் செய்யும் தவறுகள் அவை. ஒவ்வொன்றும் பார்த்துப் பார்த்து, அழகாக, பின்னால் சரிசெய்வதற்குத் தோதாக இருந்தன. ஏணி மறுபடியும் திருப்பிவிட்டது.

"எந்திரிங்க. கெடுக்கறதையும் உங்களை மாதிரி யோசிச்சா பண்ணுவாங்க?" என்று மனைவி மடிக்க எடுத்த துணிகளை ஓரமாக வைத்துவிட்டு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் எழுதினாள்:

'கதவு என்பது மனிதனுக்கு மிகவும் தேவையான ஒன்று ஆகும். கதவுகள் பல வகைப்படும். அவற்றுள் சில திறக்கும், சில மூடும். மழை என்பது வானத்திலிருந்து வருவது. எனவே கதவுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டு என்றும் இல்லை என்றும் இரு கருத்துகள் நிலவுகின்றன.'

"ஐயோ!" என்றான் அவன்.

"நல்லாயிருக்கா?"

"படிக்கவே சகிக்கலை."

"அப்ப வாங்கிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, டீ குடித்துக்கொண்டே மீதி அத்தியாயங்களையும் எழுதி முடித்தாள். ஏணி அதை வாய் திறந்து விழுங்கியது. பின்னாலேயே, திருத்திய வரைவு என்ற பெயரில், அவன் தன் பழைய ஆய்வேட்டை ஏற்றினான். இரண்டுக்கும் நடுவிலிருந்த முன்னேற்றத்தை அளந்த கருவி திணறிப்போய், குட்டி மனிதனைத் திரையின் மேல்விளிம்புக்கு அப்பால் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தலை தெரியவில்லை, இரண்டு கால்கள் மட்டும் தொங்கின.

அன்று மாலையே மையத்தின் இயக்குநர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

இயக்குநரின் அறையில் மட்டும் நாற்காலி இருந்தது. ஆய்வில் வெற்றி பெறுவது பற்றி உலகெங்கும் போய்ப் பேசுகிறவர். அவர் தன்னுடைய ஆய்வை முடித்ததில்லை. அதை மறைப்பதும் இல்லை.

"என்னா ஒரு முன்னேற்றம்! 'சில திறக்கும், சில மூடும்'னு எழுதின கை, பாருங்க, இன்னிக்கு எப்படி எழுதுது! அந்த முதல் வரைவுல ஒரு பச்சையான குரல் இருந்துச்சு தம்பி. பின்னால வந்ததுல அது கொஞ்சம் குறைஞ்சிடுச்சு. பரவாயில்லை." அவர் முன்னால் குனிந்தார். "நம்ம மையத்தைப் பாக்க மதிப்பீட்டுக் குழு வருது. நம்ம ஆண்டு விழாவுக்குத்தான். ஏணியில கடைசி வரைக்கும் ஏறின ஒருத்தரைக் காட்டுங்கன்னு கேக்கறாங்க. இத்தனை வருஷத்துல நமக்கு அந்த மாதிரி ஒருத்தர் அமையவே இல்லை. நீங்க மேடையில ரெண்டு வார்த்தை பேசினா, அங்கேயே சான்றைக் கையில குடுத்துடறேன்."

விழா எப்போது என்று கேட்டான். கல்லூரியில் வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு. சரியென்று தலையாட்டினான். அந்த நிலையில் மேடையில் பல்டி அடிக்கச் சொல்லியிருந்தாலும் அடித்திருப்பான்.

விழாவில் அரங்கம் நிறைந்திருந்தது. ஆய்வு மாணவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வராதவர்களுக்கு இரண்டு படி இறக்கம் என்று அறிவிப்பு இருந்தது. மனைவி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆய்வுப் பிரிவின் கண்காணிப்பாளரும் வந்திருந்தார். மேடையில் மலர்க்கொத்துக்குப் பக்கத்தில் தக்காளி.

இயக்குநர் பேசினார்:

"இந்த மையம் தொடங்கினப்ப, ஆய்வை முடிக்காதவங்க இங்க நூத்துக்கணக்குல இருந்தாங்க. பெருமையோட சொல்றேன், இன்னிக்கும் அவங்க அத்தனை பேரும் நம்ம கூடத்தான் இருக்காங்க. ஒருத்தரைக்கூட நாம இழக்கலை." கைதட்டல். "முடிச்சிட்டுப் போறவங்க திரும்பிப் பாக்கறதில்லை. முடிக்காதவங்கதான் நம்மை விட்டுக் குடுக்கறதில்லை. சிலர் கேக்கறாங்க, ஆய்வை முடிச்சவங்களைக் கூப்பிட்டு ஆலோசனை சொல்லச் சொல்லக் கூடாதான்னு. கூப்பிட்டுப் பாத்தோம். அவங்க 'உக்காந்து எழுதுங்க'ன்னு ஒத்தை வரியில சொல்லிட்டு டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க. அந்த ஒத்தை வரியை வெச்சுக்கிட்டு இவ்வளவு பெரிய கட்டடத்தை நடத்த முடியுமா? எழுதாம இருக்கறதுக்குத்தான் ஆயிரம் காரணம் இருக்கு. அதுக்குத்தான் மையம் தேவைப்படுது. என் சொந்த ஆய்வையே..."

தக்காளி அடித்தது. இயக்குநர் கையை உயர்த்தியபடியே கண்மூடி நின்றார். மதிப்பீட்டுக் குழுவும் கண்மூடியது. மூன்றாம் வரிசையில் மனைவி மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு சுற்றிலும் பார்த்தாள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் தூங்குவதை அவள் மொத்தக் கொள்முதல் கூட்டங்களில்கூடப் பார்த்ததில்லை.

பிறகு அவனை மேடைக்கு அழைத்தார்கள். மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் ஒலிபெருக்கியை வாங்கி, "எந்தக் கருவி உங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு?" என்று கேட்டார்.

வீட்டில் எழுதிய மேசை என்று சொல்ல வாயெடுத்தான். மூன்றாம் வரிசையில் மனைவி கண்ணைச் சுருக்கினாள். கடையில் அவள் குடும்பத்தார் காட்டும் ஜாடை அது. விலை படிந்துவிட்டது, இனி வாயைத் திறந்து கெடுக்காதே என்று பொருள்.

"எல்லாக் கருவியும்" என்றான்.

"ஏணிக்கு முன்னாடி நீங்க எவ்வளவு எழுதியிருந்தீங்க?"

இயக்குநர் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்குத் தன் வருஷங்கள் எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து நின்றன. எத்தனை மழைக்காலம், எத்தனை கதவு. மனைவியைப் பார்த்தான்.

"ஒரு வரிகூட எழுதலை" என்றான். "ஏணியில கால் வெச்சப்புறம்தான் எல்லாம்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. தொடர்கதை எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆலோசகரும் துடைத்துக்கொண்டார், அவருக்கு உண்மை தெரியும், ஆனாலும் உணர்ச்சிவசப்படும்போது உண்மையை இடையில் கொண்டுவரும் பழக்கம் அவரிடம் இல்லை. படம் எடுத்தார்கள். சான்று கைக்கு வந்தது.

மறுநாள் காலையில் ஆய்வுப் பிரிவு திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றான். கண்காணிப்பாளர் சான்றை வாங்கி வாசித்தார். மறுபடி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நேத்து நானும் கேட்டேன். ரொம்ப நல்லாப் பேசினீங்க. என் வீட்டம்மாகிட்டகூடச் சொன்னேன்."

"நன்றி சார். இதை வாங்கிக்கறீங்களா?"

"அதான் சிக்கல். போன மாசம்தான் எழுதத் தொடங்கினதா ஏணி சொல்லுது. எழுதத் தொடங்கி ஒரு வருஷமாவது ஆகாத ஆய்வேட்டை வாங்கக் கூடாதுன்னு எங்களுக்கு விதி இருக்கு. யாராவது எழுதிக் குடுத்ததா இருக்கலாம் பாருங்க."

"சார், நான் முன்னாடியே எழுதி முடிச்சது சார் இது! உங்ககிட்டயே கொண்டாந்து காட்டினேனே! நீங்க கையில வாங்கி எடைகூடப் பாத்தீங்களே!"

"பாத்தேன். மறுக்கலை. அப்படின்னா ஏணியில தொடங்கலைன்னு கையெழுத்துப் போட்டது பொய்யாயிடும், சான்று செல்லாது. செல்லாத சான்றோட வந்தாலும் நான் வாங்க முடியாது." அவர் குரலில் பகையில்லை. "உங்களுக்கு வெற்றி கொஞ்சம் அதிகமாயிடுச்சு சார். விசாரணைக் குழு போட்டுடலாம். அவங்களுக்கு ஏணி பழகறதுக்குத்தான் கொஞ்சம் நாள் பிடிக்கும்."

அவன் கண்ணாடிக் கட்டடத்துக்கு ஓடினான். இயக்குநர் அவனைக் கட்டிக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் கையை விட்டார்.

"வேகமா முடிச்சதுதானே தம்பி நம்ம சாதனை? அதைப் போய் மாத்தச் சொல்றீங்களே! குழு அறிக்கை எழுதிட்டாங்க. அடுத்த கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப் போறோம். இப்பப் போய் நீங்க ஏற்கனவே முடிச்சிருந்தீங்கன்னு சொன்னா, நாங்க உங்களுக்கு உதவினதுக்கு என்ன அர்த்தம்?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. சொல்லுவதற்குள் தக்காளி அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். பெட்டிகள் பாதி கட்டியபடி கிடந்தன. நாளை வகுப்பு. பிள்ளைகள் வந்து உட்காருவார்கள், வேறு யாரோ உள்ளே வருவார்கள். கல்லூரி முதல்வரைக் கூப்பிட்டு, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடச் சொல்ல வேண்டும். அவன் தொலைபேசியை எடுக்கவும் அது தானாகவே அடிக்கவும் சரியாக இருந்தது. முதல்வர்தான்.

"சார்! உங்க பேச்சு வீடியோவுல வந்துச்சு சார். நிர்வாகத்துல எல்லாரும் பாத்தோம். என்ன சார் நீங்க, இவ்வளவு பெரிய ஆளுன்னு சொல்லவே இல்லையே?"

"அது வந்து சார், சான்று விஷயமா..."

"சான்றெல்லாம் விடுங்க. நாங்களும் இங்க ஒரு வெற்றி மையம் தொடங்கறோம். இயக்குநரா நீங்கதான். ஒரே மனசா முடிவு பண்ணிட்டோம்."

"ஆய்வேடே இன்னும் சமர்ப்பிக்கலையே சார்."

"இயக்குநர் பதவிக்கு முடிச்சிருக்கணும்னு விதி ஒண்ணும் இல்லை சார். உங்க இயக்குநர்கிட்டயே விசாரிச்சோம். முடிக்காம இருந்தா இன்னும் நல்லதுன்னார், மாணவர்களோட மனசு புரியுமாம்."

அவன் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான்: "அப்ப எனக்கு வகுப்பு?"

முதல்வர் சத்தமாகச் சிரித்தார். "நல்ல கதை சார்! பாடம் நடத்த ஆள் கிடைக்காமலா போயிடுவாங்க? உங்களை மாதிரி ஒருத்தரை வகுப்புல நிறுத்தி வீணாக்குவோமா?"

மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்து எதிரே நின்றாள். "என்ன சொல்றாங்க?"

"வேலை கிடைச்சிருச்சு."

"வகுப்பு?"

இல்லை என்று அவன் தலையசைத்தான். என்ன பதவி என்று சொன்னான். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. போய்ப் பாதியில் கிடந்த பெட்டியை இழுத்துக் கட்டத் தொடங்கினாள்.

"சரி, போலாம்" என்றாள், கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கியபடியே. "ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. முடிச்சிட்டேன்னு எவனாவது உங்க வாசல்ல வந்து நின்னான்னா, அவனுக்கு எந்த உதவியும் பண்ணிடாதீங்க. கையெழுத்தைப் போட்டுக் குடுத்து ஓடிடுன்னு சொல்லுங்க."